பெருவிரலுக்கு எட்டாத எழுத்து

மட்டக்கடைப் பக்கம் செல்லக்கனியின் கருப்பட்டிக் கடை காலை ஏழு மணிக்கே திறந்துவிடும். திறந்ததும் அவள் செய்கிற முதல் வேலை சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவது. அடுத்த வேலை, மேசைமேல் இருக்கிற கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டுத் தன் இணையக் கடையை ஆசை தீரப் பார்ப்பது. அகலமான திரை. இடது பக்கம் கருப்பட்டிப் படம், வலது பக்கம் விவரம், உச்சியில் 'கனி கருப்பட்டி' என்று மஞ்சள் எழுத்து. பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்ப்பாள்.

இரண்டு மாதமாக அப்படிப் பார்த்தது அவள் மட்டும்தான். ஆர்டர் என்று பேருக்கு ஏழோ எட்டோ வந்தது. அதிலும் மூன்று அவள் தங்கச்சி விளாத்திகுளத்திலிருந்து பாவப்பட்டுப் போட்டது.

"உன் கடைய நீயே பாத்துக்கிட்டு இருந்தா எப்படிளா? வாங்குதவங்க பாக்கணும்லா?" என்று அவள் கணவர் மந்திரமூர்த்தி பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்வார். அவருக்கு இதுவரை பேப்பரைத் தவிர வேறு எதிலும் அவசரம் இருந்ததில்லை.

அந்த இணையக் கடையைக் கட்டிக் கொடுத்தவள் ஜெப்ஸி. நாசரேத்துக்காரி, வாத்தியார் வீட்டுப் பெண், இருபத்தாறு வயது. ஜெராக்ஸ் கடை ஒன்றின் மாடியில் சின்னதாக ஆபீஸ் போட்டிருக்கிறாள். செல்லக்கனி கூப்பிட்டனுப்பியதும் வந்தவள், கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அண்ணாச்சி, உங்க போனைக் குடுங்க" என்று மந்திரமூர்த்தியிடம் வாங்கிக் கடையைத் திறந்து காட்டினாள்.

செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். படம் பாதி வெட்டுப்பட்டு நின்றது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் விடக் கொடுமை, 'வாங்க' என்கிற பட்டனையே காணோம்.

"எங்களா போச்சு அது?"

"வலது பக்கம் திரைக்கு வெளிய கெடக்கு அக்கா. நூறு பேரு வந்தா தொண்ணூறு பேரு போன்லதான் வாராங்க. நாமதான் கம்ப்யூட்டர்லயே பாத்து மயங்கிட்டோம். தப்பு என் பேர்லதான். போனுக்குன்னு தனியா ஒழுங்கு பண்ணியிருக்கணும்."

"அடப் பாவி! கடையக் கட்டிட்டு வாசல வைக்காம விட்டுட்டியே!" செல்லக்கனி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஆனது ஆச்சு. இப்ப வாசல வையி."

பத்து நாள் வேலை நடந்தது. ஜெப்ஸி கடையிலேயே ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். படங்களையெல்லாம் இளைக்க வைத்தாள். முன்பு ஒரு படம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், இப்போது தொட்டதும் வந்து நின்றது. பட்டனைப் பெரிதாக்கினாள். பாஸ்வேர்டு, பிறந்த தேதி என்று கேட்டுக் கழுத்தறுத்த பக்கங்களைத் தூக்கி எறிந்தாள். பேர், விலாசம், போன் நம்பர் போதும், அதுவும் முதல் தடவை மட்டும்.

"பஸ்ல ஒரு கையில கம்பியப் பிடிச்சிட்டு, இன்னொரு கையில போனை வச்சிட்டு நிக்கவங்களும் வாங்கணும் அக்கா. அவங்களுக்கு பெருவிரல் ஒண்ணுதான் வேலை செய்யும். முக்கியமானது எல்லாம் அந்த விரலுக்கு எட்டணும், கண்ணுல உடனே படணும்" என்று விளக்கினாள்.

"உனக்கு மூளை இருக்குளா. அதை ரெண்டு மாசம் முன்னால கொண்டு வந்திருக்கலாம்" என்றாள் செல்லக்கனி.

எல்லாம் நன்றாகத்தான் போனது. சண்டை வந்தது ஒரே ஒரு வரியில்.

செல்லக்கனி கடையில் இரண்டு வகைக் கருப்பட்டி உண்டு. ஒன்று, பதநீரை மட்டும் காய்ச்சி எடுத்த அசல். இன்னொன்று, சீனி கலந்தது. விலை குறைவு, வருஷம் பூராவும் கிடைக்கும். அவள் ஒருநாளும் இதை அதுவென்று விற்றதில்லை. அசலை ஓலைப்பெட்டியில் வைப்பாள், கலந்ததைத் தகர டப்பாவில் வைப்பாள். இருபது வருஷமாக அதுதான் வழக்கம். கடையில் போர்டு கிடையாது, சீட்டு கிடையாது. "ஓலையில குடு" என்றால் அசல், "டப்பாவுல குடு" என்றால் கலந்தது. திரேஸ்புரத்திலிருந்து துறைமுகம் வரை அவளுடைய வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். கனி கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பேர் வந்ததே அதனால்தான்.

இணையக் கடைக்குப் படம் எடுத்த அன்று மட்டும் அவள் புத்தி சற்றே சறுக்கியது. "தகர டப்பாவுல வச்சா பெயிண்ட் கடை மாதிரி இருக்கு. எல்லாத்தையும் ஓலைப்பெட்டியிலேயே வச்சு எடு, அழகா இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். பாக்கெட்டில் வாங்கியே பழகிய ஜெப்ஸிக்கு இந்த ஓலை, டப்பா கணக்கெல்லாம் தெரியாது. எடுத்துவிட்டாள். கலந்த சரக்குக்கு 'கனி ஸ்பெஷல்' என்று பேரும் விழுந்தது.

கம்ப்யூட்டர் திரையில் படத்துக்குப் பக்கத்திலேயே 'பனங்கருப்பட்டியும் சீனியும் கலந்தது' என்ற வரி நின்றது. போன் திரையில் பக்கம் என்று ஒன்று கிடையாது, மேலும் கீழும்தான். ஜெப்ஸி அந்த வரியைப் பேருக்கு நேர் கீழே, தடித்த எழுத்தில் வைத்திருந்தாள். செல்லக்கனி முகம் சுருங்கியது.

"இது என்னளா, கல்யாண வீட்டு வாசல்ல மாப்பிள்ளைக்குச் சொத்தப் பல்லுன்னு எழுதி வச்ச மாதிரி? கீழ தள்ளு."

"கீழன்னா, 'மேலும் அறிய'ன்னு இருக்குல்லா, அதைத் தொட்டாதான் தெரியும் அக்கா. யாரும் தொட மாட்டாங்க."

"தொட்டா தெரியும்லா? நாம எழுதாமயா விட்டோம்? பெரிய பெரிய கம்பெனிக்காரனே நட்சத்திரம் போட்டுப் பொடி எழுத்துல எழுதுதான். அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"கேக்கதுக்கு ஒரு மாதிரி இருக்கு அக்கா..."

"வாங்கதுக்கு நல்லா இருக்கும். தள்ளுளா!"

ஜெப்ஸி வாயைத் திறந்தாள், மூடினாள், தள்ளிவிட்டாள். எழுத்தும் சாம்பல் நிறமாகி, 'மேலும் அறிய' என்ற மடிப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் செல்லக்கனிக்கு என்னவோ டீ ருசிக்கவில்லை. சீனி குறைவு என்று டீக்கடைக்காரரைத் திட்டினாள்.

புதுக் கடையின் லிங்க் வாட்ஸ்அப்பில் வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் போனது. அடுத்த நாளே 'டிங்' என்றது மந்திரமூர்த்தியின் போன். மத்தியானத்துக்குள் இன்னும் பத்து டிங். நாலு நாளில் மனுஷன் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். மதுரையிலிருந்து, சென்னையிலிருந்து என்று ஊர்ப் பேரை வாசித்து வாசித்து அவருக்குத் தொண்டை கட்டிப்போனது. பார்சல் கட்ட இரண்டு பெண்களை வைத்தார்கள். பத்துக்கு எட்டு ஆர்டர் 'கனி ஸ்பெஷலு'க்குத்தான்.

"பாத்தியளா! நான் சொல்லல?" செல்லக்கனி ஒவ்வொரு டிங்குக்கும் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். அந்த மடிப்புக்குள் கிடந்த வரியை அவளும் மறந்துவிட்டாள். மறக்க வேண்டும் என்று நினைத்தவளுக்கு மறப்பது என்ன கஷ்டமா?

சனிக்கிழமை காலை அவளும் மந்திரமூர்த்தியும் சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினார்கள். வந்ததும் அன்றைக்கு உள்ளூரில் அனுப்பிய பார்சல் பட்டியலை எடுத்தாள். மூன்றாவது பேரில் கண் நின்றுவிட்டது.

'டயானா, திரேஸ்புரம். கனி ஸ்பெஷல், ஐந்து கிலோ. காலையிலேயே கொடுத்தாகிவிட்டது.'

டயானா திரேஸ்புரத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறவள். செல்லக்கனிக்கு இருபது வருஷத்துச் சிநேகிதி. இவள் வீட்டுக்கு நெத்திலிக் கருவாடு அங்கிருந்து வரும், அவள் வீட்டுக்குக் கருப்பட்டி இங்கிருந்து போகும். டயானாவின் மகள் ஜெமிக்கு எட்டு நாளுக்கு முன்னால் ஆண் குழந்தை பிறந்திருந்தது. "ஜெமி பிள்ள பெத்ததும் மருந்து கிண்டணும் கனிக்கா. அசல் கருப்பட்டி எடுத்து வை. ஆலந்தலைல இருந்து எங்க சம்பந்தி வாரா. அவ நாக்கு இருக்கே, அது மெஷினு. ஒரு சொட்டு சீனி இருந்தாலும் சொல்லிருவா" என்று டயானா போன மாதமே சொல்லி வைத்திருந்தாள்.

"ஐயோ, போச்சு!" என்றாள் செல்லக்கனி.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கைப்பிள்ளை தூங்குகிற வீட்டில் போனைச் சத்தமில்லாமல் போட்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியபோது நாலு தடவை அடித்துவிட்டாள். ஓலைப்பெட்டியில் அசல் ஐந்து கிலோவை அள்ளிக் கட்டினாள்.

"வண்டிய எடுங்க!"

"சாப்பிட்டுட்டு..."

"கல்யாணத்துல ரெண்டு தடவை பாயசம் வாங்கினியளே, அது சாப்பாடு இல்லாம என்ன? எடுங்க!"

மந்திரமூர்த்தி ஸ்கூட்டரை முப்பதுக்கு மேல் ஓட்டியதாக வரலாறு கிடையாது. அன்றைக்கும் ஓட்டவில்லை. பின்னால் ஓலைப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக உட்கார்ந்திருந்த செல்லக்கனி, லாரிக்கெல்லாம் வழிவிடுகிற அவரை வழிநெடுகத் திட்டிக்கொண்டு வந்தாள். வாயால் அவரைத் திட்டினாலும் மனசு அவளையேதான் திட்டியது. ஒரு வரி. ஒரே ஒரு வரியைக் கீழே தள்ளச் சொன்னாள். அது டயானா வீட்டு அடுப்பு வரைக்கும் போகும் என்று யார் கண்டது?

டயானா வீட்டு வாசலில் செருப்புக் கூட்டம். உள்ளே நுழைந்ததுமே பாகு வாசனை மூக்கில் அடித்தது. அடுப்பில் பெரிய உருளி. டயானா அகப்பையோடு நின்றாள். சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்த பொடி தட்டில் தயாராக இருந்தது, இன்னும் போடவில்லை. எதிரே நாற்காலியில் ஆலந்தலைச் சம்பந்தியம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு ஸ்பூனில் பாகை எடுத்து ஊதி, நாக்கில் வைத்து, கண்ணை மூடியிருந்தாள். பள்ளிக்கூட ரிசல்ட்டுக்கு நிற்கிறவர்கள் மாதிரி வீடே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"இதுல சீனி கெடக்கு" என்றாள் சம்பந்தியம்மா.

"இருக்காது மயினி! இது எங்க கனிக்கா கடைச் சரக்கு. அவ கடையில கண்ணை மூடிட்டு வாங்கலாம். உங்க நாக்குதான் இன்னைக்கு..." என்று முகம் சிவந்து பேசிக்கொண்டே திரும்பிய டயானா, வாசலில் செல்லக்கனியைப் பார்த்தாள். "இந்தா, அவளே வந்துட்டா! கனிக்கா, நீயே சொல்லு. கோயில்ல வச்சுக் கேட்டாலும் சத்தியம் பண்ணுவேன்னு சொல்லு."

அத்தனை முகமும் செல்லக்கனி பக்கம் திரும்பியது. அவளுக்கு வாயில் முதலில் வந்தது பொய்தான்.

"பார்சல் மாறிப் போச்சு டயானா. கட்டுத பிள்ளைகளு மாத்திப் போட்டுட்டாளுவ. அதான் ஓடியாந்தேன்."

"அப்படியா?" டயானாவுக்கு மூச்சு வந்தது. மறுகணமே புருவம் சுருங்கியது. "மாறலையே கனிக்கா. நான் கேட்டதுதான வந்திருக்கு. பார்சல் மேல 'கனி ஸ்பெஷல்'னு போட்டிருந்துச்சே. இந்தா பாரு." அலமாரியிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். கண்ணாடியில் நாலு கீறல் விழுந்த பழைய போன். திரையில் செல்லக்கனியின் கடை. கருகருவென்று கருப்பட்டி, அதைச் சுற்றி அழகான ஓலைப்பெட்டி.

"ஓலைப்பெட்டில வச்சிருக்க. உன் கடையில ஓலைன்னா அசல்தான? பெறகு நான் எதுக்குப் படிக்கணும்?"

செல்லக்கனிக்கு அப்போதுதான் உறைத்தது. அழகுக்கு என்று வைத்த பெட்டி! இருபது வருஷமாக அவளே சொல்லிக் கொடுத்த அடையாளம் அது. வரியை ஒளித்தது தெரிந்து செய்தது. இது தெரியாமலே செய்தது. இரண்டும் சேர்ந்து டயானாவை அவள் சம்பந்திக்கு முன்னால் தலைகுனிய வைத்திருந்தன.

"எழுதியிருக்கு டயானா" என்றாள் குரல் இறங்கி. "சீனி கலந்ததுன்னு எழுதிதான் இருக்கு. இரு, காட்டுதேன்."

போனை வாங்கிப் பெருவிரலால் மேலே தள்ளினாள். படம் போனது. இன்னும் தள்ளினாள். விலை வந்தது. மூக்குக் கண்ணாடியைப் புறப்பட்ட அவசரத்தில் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். கையை நீட்டிப் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், முகத்தோடு ஒட்டியும் பார்த்தாள். எதையோ தொட்டாள், 'உங்கள் ஆர்டருக்கு நன்றி' என்று வந்தது. தெரியாமல் இன்னொரு கிலோ ஆர்டர் போட்டிருந்தாள். தெருவில் ஸ்கூட்டரைத் தாங்கிக்கொண்டு நின்ற மந்திரமூர்த்தியின் சட்டைப்பையில் 'டிங்' என்றது. இரண்டு நிமிஷம் ஆகியும் அவளுடைய சொந்தக் கடையில், அவளே வைக்கச் சொன்ன எழுத்து அவளுக்கே கிடைக்கவில்லை.

சம்பந்தியம்மா ஸ்பூனைக் கீழே வைத்தாள். "கடைக்காரிக்கே தட்டுப்படலையே தாயி, வாங்குதவளுக்கு எங்கன தட்டுப்படும்?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

செல்லக்கனி போனை டயானா கையில் கொடுத்தாள். கண் கலங்கிவிட்டது.

"பார்சல் மாறல டயானா. பொய் சொன்னேன். இது கலந்த சரக்குதான். அந்த வரி மேலதான் இருந்துச்சு. வித்துப் போகணும்னு நான்தான் ஒளிச்சு வைக்கச் சொன்னேன். அசல் இந்தா இருக்கு, கையோட கொண்டாந்துட்டேன். உங்க சம்பந்திக்கு முன்னால உன்னைத் தலைகுனிய வச்சுட்டேன். மன்னிச்சிக்கிடு."

டயானா போனை அலமாரியில் வைத்தாள்.

"ஏன் கனிக்கா?" என்றாள். "நேர்ல வந்து கேட்டிருந்தா எனக்கு இதைக் குடுத்திருப்பியா?"

"செத்தாலும் குடுத்திருக்க மாட்டேன்."

"போன்ல கேட்டா மட்டும் நான் வேற ஆளா?"

உள்ளறையில் குழந்தை வீல் என்று அழுதது. "பாரு, என் பேரனுக்கே கோவம் வந்துட்டு" என்றாள் டயானா. அதைச் சொல்லும்போது அவள் உதடு லேசாகக் கோணியது. செல்லக்கனிக்கு உயிர் திரும்பி வந்தது.

"சரி, அந்தப் பாகை எறக்கு" என்றாள் சம்பந்தியம்மா எழுந்து, சேலையைச் செருகிக்கொண்டு. "மருந்துக்குத்தான் ஆகாது. கடலைய வறுத்துப் போட்டு உருண்டை புடிச்சிருவோம். தெருப் பிள்ளைகளுக்கு ஆவும். ஓடி வந்து ஒத்துக்கிட்டவளை நிக்க வச்சே பேசுதியே டயானா, நாற்காலியப் போடு." ஓலைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். வீடு மறுபடியும் மூச்சைப் பிடித்தது. "ம். இது சரக்கு."

மருந்து கிண்டி முடிகிற வரை செல்லக்கனி பட்டுச்சேலையோடு அகப்பை பிடித்தாள். வெளியே மந்திரமூர்த்தி இரண்டு கடலையுருண்டை தின்றார்.

அன்றைக்கே ஜெப்ஸிக்குப் போன் போனது. "அந்த வரிய மேல தூக்குளா. தடியா, கருப்பா, விலைக்கும் மேல. 'ஸ்பெஷலு'ங்கிற பேரை எடு, 'சீனி கலந்த கருப்பட்டி'ன்னு போடு. நாளைக்கு வந்து தகர டப்பாவுல வச்சுப் படம் எடு. பெயிண்ட் கடை மாதிரி இருந்தா இருந்துட்டுப் போவுது."

"அன்னைக்கே நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும் அக்கா" என்றாள் ஜெப்ஸி.

"சொல்லியிருந்தா உன்னையும் திட்டியிருப்பேன். இனிமே திட்டினாலும் சொல்லு."

அதுவரை 'ஸ்பெஷல்' வாங்கிய எல்லாருக்கும் செல்லக்கனியே போன் போட்டாள். மூன்று நாள் அதுதான் வேலை. "இது சீனி கலந்ததுங்க. போன்ல சரியாத் தெரியாம வச்சிட்டோம். வேண்டாம்னா திருப்பி எடுத்துக்கிடுதேன், செலவு என்னுது." சிலர் திட்டினார்கள். சிலர் திருப்பி அனுப்பினார்கள். பாதிக்கு மேல் ஆட்கள், "டீக்குத்தான, இதுவே போதும். சொன்னியளே, அதுவே பெருசு" என்று வைத்துக்கொண்டார்கள். மதுரைக்காரர் ஒருவர் அசலும் இரண்டு கிலோ சேர்த்துக் கேட்டார்.

புதுப் பக்கத்தைத் திறந்துவிடும் முன் ஜெப்ஸி வந்து காட்டினாள். செல்லக்கனி தன் போனில் பார்க்கவில்லை. "டயானாவுக்கு அனுப்பு. அவ கீறல் விழுந்த போன்ல, கண்ணாடி போடாம படிச்சிட்டான்னா திற" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் டயானா பேசினாள். பின்னால் குழந்தைச் சத்தமும் மீன் ஏலச் சத்தமும் கலந்து கேட்டன. "தெரியுது, தெரியுது! சீனி கலந்ததுன்னு தெருமுனையில நின்னாலே தெரியும் போல. இதை எவ வாங்குவா கனிக்கா?"

"வாங்காட்டாப் போறா."

டிங் என்றது. மந்திரமூர்த்தி போனை எடுத்து வாசித்தார். "டயானா, திரேஸ்புரம். சீனி கலந்த கருப்பட்டி, ரெண்டு கிலோ."

"கடலையுருண்டை கேட்டுப் பிள்ளைகளு வாசல்ல நிக்குதுவ" என்று போனில் டயானா சிரித்தாள். "இந்தத் தடவை படிச்சிட்டுதான் தொட்டேன்."

செல்லக்கனி தகர டப்பாவைத் திறந்து தானே எடை போட்டாள். பக்கத்தில் நின்ற ஜெப்ஸியிடம் சொன்னாள்:

"எழுதிதான வச்சிருக்கோம்னு சொல்லித் தப்பிக்கது யோக்கியம் இல்லளா. வாங்குதவ கண்ணுல படுத இடத்துல எழுதணும், அதுதான் யோக்கியம். கடையில முன்னால வந்து நின்னா அவ மூஞ்சியப் பாத்து நமக்குப் பொய் வராது. போன்ல மூஞ்சி தெரியாதுன்னுதான் எனக்குத் துணிச்சல் வந்துச்சு. ஆனா அங்கன விரலை வைக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு டயானாதான்."